பொருளாதாரம் படித்துவிட்டு ஃபண்ட் அக்கவுண்டிங்குக்கு வந்தால்

எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு சென்னையில் ஃபண்ட் அக்கவுண்டிங், அதாவது முதலீட்டு ஃபண்டுகளின் கணக்கைப் பார்க்கும் வேலைக்குப் போனால், நேர்காணலில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "பி.காம். படித்தவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது நீங்கள் எதற்கு?" என்னிடமும் கேட்டார்கள். இன்று கேட்டால் யூ.எஸ்.-64 பற்றிப் பேசுவேன்.

யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1964-ல் தொடங்கிய முதலீட்டுத் திட்டம் அது. யூனிட்டை என்ன விலைக்கு விற்பது, என்ன விலைக்குத் திரும்ப வாங்குவது என்பதை அவர்களே அறிவித்தார்கள். திட்டத்தின் கையில் இருந்த பங்குகளின் சந்தை மதிப்பை அந்த விலை பின்தொடரவில்லை. 2001 ஜூலையில் விற்பது, வாங்குவது இரண்டையும் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பிறகு 2002-ல்தான் என்.ஏ.வி. (ஒரு யூனிட்டின் நிகர சொத்து மதிப்பு) அடிப்படைக்கு மாறியது.

கல்லூரியில் இதை நிதித்துறைச் சீர்திருத்தப் பாடத்தில் ஒரு பத்தியாகப் படித்தேன். வேலைக்கு வந்த பிறகுதான் கணக்காகப் புரிந்தது. ஒரு ஃபண்டில் 100 யூனிட், சொத்து 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உண்மையான மதிப்பு யூனிட்டுக்கு 10 ரூபாய். ஆனால் அறிவித்த விலை 12. விவரம் தெரிந்தவர்கள் 50 யூனிட்டை விற்று 600 ரூபாயோடு வெளியேறுகிறார்கள். மீதி 50 யூனிட்டுக்கு இருப்பது 400. அதாவது, எதுவும் செய்யாமல் இருந்தவருடைய 10 ரூபாய் 8 ஆகிவிட்டது. விலை தவறினால் ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போய்விடுகிறது. தினமும் என்.ஏ.வி. போடுவது அதைத் தடுக்கத்தான். நான் படித்த பொருளாதாரத்தில் விலையும் நியாயமும் இவ்வளவு நெருக்கமாகச் சந்தித்த இடம் வேறு இல்லை.

ஆரம்ப மாதங்கள் கடினமானவை, மறைக்க வேண்டியதில்லை. பாண்டு (கடன் பத்திரம்) விலையும் ஈட்டு விகிதமும் (அந்த விலைக்கு வாங்கினால் கிடைக்கும் வருமான விகிதம்) எதிரெதிர்த் திசையில் போகும் என்று வரைபடம் போடத் தெரியும். வட்டி வருவதற்கு முன்பே அதை நாள்தோறும் வருமானமாக எழுத வேண்டும், நிர்வாகச் செலவையும் நாள்கணக்கில் பிரித்து ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் புதிது. எக்ஸ் டேட் (அன்று முதல் பங்கை வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) அன்றே டிவிடெண்டைப் பதிவு செய்கிறோம், பணம் பிறகுதான் வருகிறது. பற்று வரவை அருகில் இருந்த பி.காம். நண்பர்களிடம்தான் கற்றேன்.

படித்தது கைகொடுத்த இரவும் உண்டு. அமெரிக்காவில் சிலிக்கான் வேலி பேங்க் 2023 மார்ச் 10 வெள்ளிக்கிழமை மூடப்பட்டது. ஞாயிறன்று அங்கே கோடைகால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றிவிட்டார்கள். அதனால் சந்தை முடியும் நேரம் நமக்கு அதிகாலை 2.30-லிருந்து 1.30-க்கு வந்தது. திங்கள்கிழமைக் கணக்கைப் போட உட்கார்ந்தோம். முந்தைய நாள் விலையிலிருந்து அனுமதித்த அளவைத் தாண்டி மாறியவை டாலரன்ஸ் பட்டியலில் வந்து நிற்கும். அன்று அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களாக வந்து குவிந்தன. எல்லாமே மேல்நோக்கி. பிரைஸ் ஃபைல் தவறாக வந்திருக்குமோ என்று குழுவில் பலருக்கும் சந்தேகம். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் வட்டியை ஏற்றுவதை நிறுத்திவிடும் என்று சந்தை நினைத்தால் இரண்டாண்டுப் பத்திரம்தான் முதலில் குதிக்கும் என்று சொன்னேன். அதன் ஈட்டு விகிதம் 1987 அக்டோபருக்குப் பிறகு ஒரே நாளில் அவ்வளவு இறங்கியது அன்றுதான். ஆனாலும் சரி, காரணம் தெரிகிறது என்று அப்படியே கடந்துவிட முடியாது. ஒவ்வொரு விலையையும் இரண்டாவது மூலத்தோடு ஒப்பிட்டு, செக்கர் (வேலையைச் சரிபார்ப்பவர்) கையெழுத்து வாங்கிய பிறகே என்.ஏ.வி. வெளியே போனது. எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்பதைப் பொருளாதாரம் காட்டியது. சரிபார்ப்பதற்கு அது மாற்று ஆகாது.

ஆராய்ச்சி வேலை என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பெரும்பகுதி ரெக் (இரு கணக்குகளை ஒப்பிடுவது) போடுவதும், நம் கணக்குக்கும் ஃபண்டின் சொத்துகளைப் பாதுகாத்து வைக்கும் கஸ்டோடியன் கணக்குக்கும் இடையே வரும் பிரேக்குகளை, அதாவது வித்தியாசங்களைத் தீர்ப்பதும்தான். இரவு ஷிஃப்ட் உடம்பைக் கெடுக்கும். எனக்கு அதில் வருத்தம் உண்டு. பகல் நேரம் வேண்டுமென்றால் இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளின் கணக்கு வேலையைத் தேடலாம். அங்கே பெரும்பாலான திட்டங்களுக்கு அன்றைய என்.ஏ.வி. இரவு 11 மணிக்குள் வெளியாக வேண்டும், அதனால் மாலை நீளும். ஆனால் விடியற்காலை வரை போகாது.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் கேட்டால், ஒரே ஒரு பாண்டை எடுத்து எக்செல்லில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். வாங்கிய நாள், தினசரி வட்டி, விலை மாறும்போது ஏறி இறங்கும் மதிப்பு, கூப்பன் (பாண்டு தரும் வட்டி) வந்ததும் தீரும் பாக்கி, முதிர்வு வரை எல்லாவற்றுக்கும் பற்று வரவு எழுத வேண்டும். அப்புறம், வேலையில் சேர்ந்து ரெக் பழகியதும் பிரைசிங் குழுவுக்கு மாற்றம் கேளுங்கள். வர்த்தகமே நடக்காத பத்திரத்துக்கு என்ன மதிப்பு வைப்பது என்ற விவாதம் அங்கேதான் நடக்கிறது.