முதல் இரை

2025 ஜனவரி 12
பந்து மலைப்பாம்புக் குட்டி வீட்டுக்கு வந்து இன்றோடு ஏழு நாட்கள். முதற்சட்டையை உரித்துவிட்டது, ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு இரையைக்கூட அது விழுங்கியதில்லை என்பதை விற்றவர் இப்போதுதான் சொல்கிறார். தானாக மூன்று முறையாவது உண்ட குட்டியையே வாங்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. எடை 64 கிராம். உறைந்த எலிக்குஞ்சு ஒன்றை, ஏறத்தாழ 7 கிராம், இளக்கி நீண்ட இடுக்கியால் நீட்டினேன்; தலையை உள்ளே மறைத்துப் பந்தாகச் சுருண்டுகொண்டது.

ஜனவரி 17
மறுபடியும் மறுப்பு. எடை 62. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, "கொஞ்சம் பால் வைச்சுப் பாரன் பிள்ளை" என்றார். புற்றுக்குப் பால் வார்த்து வளர்ந்த அவருடைய அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் பாலைச் செரிக்கும் குடல் பாம்புக்கு இல்லை என்று விளக்கினேன்.

ஜனவரி 19
பிழை குட்டியிடம் இல்லை, நான் அமைத்த வீட்டில்தான் இருக்கிறது. ரொறன்ரோவின் மாரிகாலத்தில் வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் காற்றை உலர்த்திவிடுவதால் ஈரப்பதம் 32 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கானா, தோகோ, பெனின் முதலிய நாடுகளின் புல்வெளிகளில் இந்த இனம் பகல் முழுவதும் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் ஒடுங்கிக் கிடப்பது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்று நாம் சொல்வது இதற்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். அப்படிப்பட்ட உயிரை நாலு புறமும் கண்ணாடியாக இருந்த பெரிய பெட்டியில் விட்டது, வெட்டவெளியில் நிறுத்தியதற்குச் சமம். இன்று சிறிய பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றி, உடல் இரு புறமும் உரசும்படியான இறுக்கமான மறைவிடங்களைச் சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக வைத்து, ஈரப்பாசி பரப்பினேன். சூடான பக்கம் 32 பாகை, மறுபக்கம் 26, ஈரப்பதம் 60. இனி ஆறு நாட்களுக்குத் தண்ணீர் மாற்றுவதற்கு மட்டுமே திறப்பேன்.

ஜனவரி 25
எடை 60. நாக்கை நீட்டியபடி வெளியே வந்து, இரையை ஒரு சாண் தூரம் பின்தொடர்ந்து, பிறகு திரும்பிவிட்டது. இரவு முழுவதும் உள்ளேயே விட்டும் தொடவில்லை. வாயைத் திறந்து ஊட்டிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். குட்டியை அச்சுறுத்தும் அந்த வழி கடைசி வழியாகவே இருக்கட்டும். தொடக்க எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 57.6 கிராமுக்குக் கீழே போனால், ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோவேன்.

ஜனவரி 31
உண்டது! உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணரும் பாம்பு இது என்பதால், எலிக்குஞ்சைப் பையிலிட்டுச் சுடுநீரில் வைத்தபின், தலையை மட்டும் முடி உலர்த்தியால் 38 பாகை வரை சூடாக்கி, விளக்கை அணைத்துவிட்டு மறைவிட வாசலில் மெல்ல அசைத்தேன். கழுத்து ஆங்கில எழுத்து எஸ் போல வளைந்தது. அடுத்த கணம் இடுக்கி அதிர்ந்தது. உயிரற்ற இரையையும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியது. நான் மூச்சை அடக்கி நின்றேன். நெடுநேரம் கழித்துப் பிடியைத் தளர்த்தி, மூக்கால் தடவித் தலைப் பக்கத்தைக் கண்டுபிடித்து, இடத்தாடையும் வலத்தாடையும் மாறி மாறி முன்னேற விழுங்கியது. வால் கடைசியாக ஒரு நூல்போலத் தொங்கி மறைந்தது. பிறகு இரண்டு முறை வாயை அகலத் திறந்து தாடைகளைச் சரிசெய்துகொண்டது. 48 மணி நேரம் கையில் எடுக்கமாட்டேன்.

பெப்ரவரி 8
எடை 63. இன்று இடுக்கி வாசலை எட்டுவதற்குள் பாய்ந்து கவ்விவிட்டது.