விருப்பப் பட்டியலின் முதல் வரி

தம்பி இந்த ஆண்டு கல்லூரிக்கு விண்ணப்பித்தான். விருப்பப் பட்டியலை நிரப்ப அவன் உட்கார்ந்த இரவில் நானும் அருகில் இருந்தேன். தான் மிகவும் விரும்பிய கல்லூரியை அவன் நான்காவது வரியில் எழுதியிருந்தான். ஏன் என்று கேட்டேன். "அங்கே எனக்குக் கிடைக்காது அக்கா. அதை முதலில் போட்டால் மற்றதும் கைநழுவிப் போய்விடும்" என்றான். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே அச்சத்தில் நானும் இதே தவற்றைச் செய்தவள். அன்றிரவு அவனிடம் சொன்னவற்றை, இப்போது பட்டியலோடு உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் புள்ளியியல் படிக்க விரும்பினேன். அந்தத் துறை எங்கே சிறப்பாக நடக்கிறது என்பதை விசாரித்து அறிந்திருந்தும், அந்தக் கல்லூரியை இரண்டாவதாக வைத்து, எளிதில் கிடைக்கும் என்று நான் கருதிய ஒன்றை முதலாவதாக வைத்தேன். முதலாவதே கிடைத்தது, வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தார்கள். சில வாரங்கள் கழித்து, ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் வெளியானபோது, நான் இரண்டாவதாகத் தள்ளிய கல்லூரியின் எண் என் மதிப்பெண்ணைவிடக் குறைவாக இருந்தது. எந்த விதியும் எனக்குக் குறுக்கே நிற்கவில்லை. நான் முதலில் கேட்காததால் போன இடம் அது. படித்த ஆண்டுகள் முழுவதும் அந்த நினைப்பு என்னை விட்டு விலகவில்லை.

விருப்பப் பட்டியல்களைப் பார்த்து மாணவர்களுக்குக் கல்லூரி இடங்களை எப்படி ஒதுக்குகிறார்கள் என்பதை நான் அறிந்துகொள்ளவே இல்லை. என் பிழையின் வேர் அதுதான். 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணிதவியலாளர்கள், மாணவர்களைக் கல்லூரிகளில் சேர்ப்பதற்கான ஒரு வழிமுறையைச் சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு மாணவரின் பெயரும் அவரது முதல் விருப்பத்துக்குச் செல்கிறது. கல்லூரி தன்னிடம் உள்ள இடங்களின் அளவுக்கு மேல்நிலையில் உள்ளவர்களைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றவர்களைத் திருப்பி அனுப்புகிறது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த சுற்றில் தங்கள் இரண்டாவது விருப்பத்துக்குச் செல்கிறார்கள். அங்கே ஏற்கெனவே தற்காலிகமாக இருப்பவர்களோடு சேர்த்து அவர்களும் சமமாக மதிப்பிடப்படுகிறார்கள். முன்பே வந்தவர் என்பதற்காக அங்கே யாருக்கும் முன்னுரிமை கிடையாது. இனி யாரும் திருப்பி அனுப்பப்படாத நிலை வரும்போதுதான் தற்காலிக இடங்கள் எல்லாம் உறுதியாகின்றன.

இதன் விளைவை நான் தம்பிக்குத் தாளில் வரைந்து காட்டினேன். முதல் விருப்பம் கிடைக்காமல் போனாலும், இரண்டாவது கல்லூரியில் உன் தகுதி ஓர் அணுவும் குறைவதில்லை. அதை நீ முதலாவதாக எழுதியிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதுவே இப்போதும் கிடைக்கும். ஆகவே இத்தகைய முறையில், மனத்தில் உள்ள வரிசையை உள்ளபடியே எழுதுவதைவிடச் சாமர்த்தியமான வேறு வரிசை எதுவும் மாணவருக்கு இல்லை. இது வெறும் அறிவுரை அன்று. 1980-களின் தொடக்கத்திலேயே கணிதமாக நிறுவப்பட்ட முடிவு. ஷேப்லிக்கும், இந்தக் கருத்தை நடைமுறை ஒதுக்கீடுகளில் பயன்படுத்தி வளர்த்த ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. கேல் 2008-இலேயே மறைந்துவிட்டார் என்பதில் எனக்கு இன்றும் ஒரு வருத்தம் உண்டு.

எல்லா இடங்களிலும் இதே முறை இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. முதல் விருப்பமாகக் கேட்டவர்களுக்கே இடங்களை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டு, மீதம் இருந்தால் மட்டுமே இரண்டாவது விருப்பமாகக் கேட்டவர்களைப் பார்க்கும் முறையும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிச் சேர்க்கையில் அது நெடுங்காலம் இருந்தது. அங்கே தம்பியின் அச்சம் முழுக்க நியாயமானது: முதல் வரி வீணானால் இரண்டாவது வரியும் பெரும்பாலும் வீணாகிவிடும். விவரம் அறிந்த பெற்றோர் கணக்குப் போட்டு எழுத, அறியாத பெற்றோர் உண்மையை எழுதி இழந்தார்கள். அந்த அநீதி தெளிவான பிறகு, 2005-இல் அந்த முறையைக் கைவிட முடிவு செய்தார்கள். எனவே பட்டியலைத் தொடுவதற்கு முன் சேர்க்கை விதிகளை முழுமையாகப் படியுங்கள். புரியாவிட்டால் சேர்க்கை அலுவலகத்தையே கேளுங்கள். "முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் இரண்டாவது விருப்பத்தில் என் வாய்ப்பு குறையுமா?" என்ற ஒரே கேள்வி போதும்.

பட்டியலில் இத்தனை பெயர்கள்தான் எழுதலாம் என்று வரம்பு இருந்தால், எந்தப் பெயர்களைச் சேர்ப்பது என்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஏறக்குறைய உறுதியாகக் கிடைக்கும் ஒன்றிரண்டாவது அதில் இருக்க வேண்டும். சேர்த்தவற்றை அடுக்குவதில் அப்போதும் உண்மையான வரிசையே சரி. கிடைத்தாலும் போக மாட்டேன் என்று மனம் சொல்லும் கல்லூரியை, வரியை நிரப்புவதற்காக எழுத வேண்டாம்.

தம்பி நான்காவது வரியை முதலாவதாக மாற்றினான். அந்த இடம் அவனுக்குக் கிடைக்கவில்லை, இரண்டாவது கிடைத்தது. அவன் தனியாக விண்ணப்பித்திருந்த, இன்னும் பெயர் பெற்ற வேறொரு கல்லூரியும் அதே வாரத்தில் அழைத்தது. அப்பா பெயர் பெற்றதன் பக்கம் இருந்தார். அவருடைய கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை; மகனின் வாழ்க்கை முழுவதும் அந்தப் பெயர் துணை வரும் என்பது அவர் நம்பிக்கை.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஒரே மாதிரியான கல்லூரிகளால் ஏற்கப்பட்டும் மறுக்கப்பட்டும் இருந்த மாணவர்களை ஒப்பிட்டபோது, அதிகப் போட்டியுள்ள கல்லூரிக்குச் சென்றவர்களும் செல்லாதவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே அளவு சம்பாதித்தார்கள் என்று அவர்கள் கண்டார்கள். வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் அத்தகைய கல்லூரி கூடுதல் பயன் தந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஒரு நாட்டின் ஒரு தலைமுறையைப் பற்றிய ஆய்வு எங்கள் வீட்டுக் கேள்விக்கு விடையாகிவிடாது என்று அப்பா சொன்னார். அதுவும் சரிதான்.

ஆகவே இரண்டு கல்லூரிகளையும் நேரில் பார்த்தோம். வருகையாளர்களுக்காக ஏற்பாடு செய்யப்பட்ட நாளில் போகாமல், வகுப்புகள் நடக்கும் ஒரு சாதாரண நாளில் போனது நல்லதாயிற்று. இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் தம்பி தானே பேசினான்: முதலாண்டு வகுப்புகளை யார் எடுக்கிறார்கள், ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர், துறை பிடிக்காவிட்டால் மாற முடியுமா? பெயர் பெற்ற கல்லூரி அவனுக்கு ஓர் உதவித்தொகையும் தருவதாகச் சொல்லியிருந்தது. விதிகளை மீண்டும் படித்தபோது, ஒவ்வோர் ஆண்டும் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் எடுத்தால்தான் அது தொடரும் என்ற நிபந்தனை இருந்தது. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் அதைத் தவறவிட்டிருப்போம்; எல்லா ஆண்டுகளுக்கும் ஆகும் மொத்தத் தொகையை, உதவித்தொகை நின்றுபோனால் எவ்வளவு என்பதோடு சேர்த்து எழுதிப் பார்ப்பது மிக அவசியம். தரவரிசைகள் இதில் எங்களுக்கு அதிகம் உதவவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கை பல தரவரிசைகளில் பெரிய பங்கு வகிக்கிறது. முதலாண்டு மாணவனுக்கு ஆசிரியரின் அறைக் கதவு திறந்திருக்குமா என்பதை அந்த எண் சொல்வதில்லை.

தம்பி பட்டியல் வழியே கிடைத்த கல்லூரியைத் தேர்ந்தெடுத்தான். "ஆய்வகத்தில் ஒரு மாணவி தன் சோதனை ஏன் தோற்றது என்பதை ஆசிரியரோடு அரை மணி நேரம் வாதிட்டுக்கொண்டிருந்ததை நின்று பார்த்தேன், எனக்கு அது போதும்" என்றான். அப்பா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து, முன்பணம் கட்டக் கடைசித் தேதி எது என்று மட்டும் கேட்டார்.

கட்டிய அன்றிரவே, வேண்டாம் என்று முடிவு செய்த கல்லூரிக்குத் தம்பியை எழுதச் சொன்னேன். கெடு முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனால் அங்கே காத்திருப்போர் பட்டியலில் யாரோ ஒருவர் நாளெண்ணிக்கொண்டிருப்பார். நான்கு வரியில் நன்றி சொல்லி இடத்தை விட்டுக்கொடுத்து, அனுப்பும் முன் என்னிடம் ஒருமுறை படித்துக் காட்டினான்.