17ஆம் எண்

நடையை அளக்கும் செயலி ஒன்றில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். வயதானவர்களின் நடை தடுமாறத் தொடங்குவதை அவர்கள் விழுவதற்கு முன்பே ஃபோன் சென்சார்கள் மூலம் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். நல்ல வேலை என்று மனதார நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். முதல் சோதனைக்கு அலுவலகத்திலேயே இருபது பேர் முன்வந்தார்கள். ஒப்புதல் வாங்கினோம், பெயரை நீக்கி ஆளுக்கொரு எண் கொடுத்தோம். அத்தோடு பிரைவசி விஷயம் முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஒரு மாலை 17ஆம் எண்ணின் ஜிபிஎஸ் புள்ளிகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில புள்ளிகள் கன்னாபின்னாவென்று தள்ளி விழுந்திருந்தன, அவற்றைச் சரிசெய்ய வேண்டும். இரவு 1 மணி முதல் 5 மணி வரை எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. அது வீடு. அந்தத் தெருவிலிருந்து வருபவர் எங்களில் ஒரே ஒருவர்தான். புதன்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம் வேறோர் இடத்தில் இருந்திருக்கிறார். என்ன இடம் என்று பெரிதாக்கினேன். புற்றுநோய்ச் சிகிச்சை மையம்.

அவர் அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தார். யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

பிறகுதான் தேடிப் படித்தேன். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 15 லட்சம் பேரின் 15 மாத செல்ஃபோன் தரவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எந்த நேரத்தில் எந்த டவருக்கு அருகில் இருந்தார் என்று நாலே நாலு புள்ளிகள் தெரிந்தால் போதும், 95 சதவீதம் பேரைக் கூட்டத்திலிருந்து தனியாகப் பிரித்துவிடலாம். உடற்பயிற்சியைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி 2017 நவம்பரில் வெளியிட்ட ஓட்டப் பாதைகளின் வரைபடத்திலும் யார் பெயரும் இல்லை. ஆனால் மற்றபடி இருட்டாகக் கிடந்த இடங்களில் ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் பளிச்சென்று தெரிந்தன.

இருப்பிடத்தைத் தொடும்போது ஃபோன் ஒரு வார்த்தையாவது கேட்கிறது. ஆண்ட்ராய்டில் அசைவு சென்சார்களுக்கு அந்தக் கேள்வியும் இல்லை. திரையில் எண்களைத் தட்டும்போது ஃபோன் லேசாகச் சாய்வதை வைத்தே எந்த எண் என்று ஊகிக்க முடியும் என 2011இலேயே காட்டிவிட்டார்கள். 2014இல் ஃபோன் சுழல்வதை அளக்கும் ஜைரோஸ்கோப் சென்சாரிலிருந்து பேச்சின் அதிர்வைப் பிடித்தார்கள். 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12, நொடிக்கு 200 முறைக்கு மேல் அளக்கத் தனி அனுமதி வேண்டும் என்றது. அந்த அனுமதியையும் செயலி தன் கோப்பில் எழுதிவைத்தால் போதும், ஃபோன் வைத்திருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜிபிஎஸ் தரவு வேண்டுமா என்று குழுவில் வாக்குவாதம் நடந்தது. "இருக்கட்டும்ப்பா, பின்னாடி தேவைப்படும்" என்றார் தலைவர். எதற்கு என்று கேட்டேன், அவரால் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஜிபிஎஸ்ஸை அடியோடு எடுத்தோம். நொடிக்கு 50 அளவீடுகளே நடைக்குப் போதுமானதாக இருந்தது. கணக்கை ஃபோனுக்குள்ளேயே போட்டு, நாளுக்கு நாலைந்து எண்களை மட்டும் சர்வருக்கு அனுப்பினோம். இதில் இழப்பும் உண்டு. ஒருமுறை தப்பான எச்சரிக்கை ஏன் வந்தது என்று பார்க்க மூலத் தரவு இல்லாமல் இரண்டு வாரம் அல்லாடினோம். அப்படியும் அந்த முடிவை நான் மாற்றமாட்டேன்.

அடுத்த மேசைக்காரரிடம் சொல்வதா வேண்டாமா என்று, வரைபடத்தைப் பார்த்த அன்றிரவு முழுக்க யோசித்தேன். மறைத்து வைத்துக்கொண்டு தினமும் முகம் பார்த்துப் பேச முடியாது என்று தோன்றியது. மறுநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் ஒரே கேள்விதான் கேட்டார்: "வேற யார் யார் பார்த்தாங்க?"

அந்த ஃபோல்டரைத் திறக்க ஆறு பேருக்கு அனுமதி இருந்தது. யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவை நாங்கள் வைத்திருக்கவே இல்லை.