லைக்கன் நாட்குறிப்பு: சுங்கை சிப்புட், மலேசியா

மே 6

அப்பாவின் ஆஸ்பத்திரி டெஸ்ட் ரிசல்ட் வரவில்லை.

மே 7

ராத்திரி பேய்க்காற்று. விடிந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டேன். காற்றடித்த மறுநாள் போனால்தான் உச்சிக்கிளைகள் கீழே கிடக்கும். அவ்வளவு உயரத்தில் வெயில் குடித்து, பட்டை மேல் திட்டுத்திட்டாகப் படரும் லைக்கனை வேறு எப்படிப் பார்ப்பது? பெர்மிட் கையில் இருக்கிறது, இருந்தாலும் நிற்கிற மரத்தில் கத்தி வைக்க மனசு வருவதில்லை. தீப்பெட்டி அளவுக்குப் பட்டையோடு செதுக்கி, காகித உறையில் போட்டு, தேதி, இடம், எந்த மரம் எல்லாம் அங்கேயே எழுதிவிட வேண்டும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது, இந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

அப்பா பாதி சோறுதான் சாப்பிட்டார்.

மே 10

உறைகளை வெயில் படாமல் பரப்பி வைத்திருந்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு லென்ஸை வாங்கிப் பார்த்தார். "இது மரத்தைத் தின்னுதாம்மா?" இல்லப்பா, பட்டை மேல உட்கார இடம் மட்டும்தான் கேட்குது, சாப்பாடு அதுவே பண்ணிக்குது என்றேன். பூஞ்சை வீடு கட்டும், உள்ளே குடியிருக்கும் பாசி சமைக்கும். 1867இல் சுவிட்சர்லாந்தின் ஷ்வெண்டெனர் இது இரண்டு உயிர் என்று சொன்னபோது அன்றைய நிபுணர்கள் பலர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொன்னேன். அப்பா தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்து வாழ்ந்தவர், எந்தப் பட்டையையும் சும்மா பார்க்க மாட்டார். ஒரு துண்டை நகத்தால் லேசாகக் கீறி, "உள்ள மஞ்சளா இருக்கே" என்றார். அது உள்ளே குடியிருக்கும் பாசி, பேர் டிரென்டிபோலியா, பச்சைப்பாசிதான், ஆனால் உள்ளே ஆரஞ்சு நிறமி நிறைய.

இன்றைக்கு நல்ல நாள்.

மே 13

தூக்கம் இல்லை. கள்ள நோட்டு பார்க்கிற புற ஊதா (UV) டார்ச்சை எடுத்துக்கொண்டு ரம்புத்தான் மரத்தடிக்குப் போனேன். பகலில் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல் திட்டு. டார்ச் பட்டதும் பிக்சின் கோகோயிஸ் என்ற லைக்கன் மட்டும் மஞ்சளாக எரிகிறது, பக்கத்தில் டிரினேரியா பிக்டா என்ற இன்னொன்று இருட்டாகவே கிடக்கிறது. லைக்கெக்சாந்தோன் என்ற ஒரே பொருள் செய்கிற வேலை. உடம்புக்குள்ளும் இப்படி ஒரு டார்ச் அடித்துப் பார்க்க முடிந்தால் எதற்கு இத்தனை வாரம்.

மே 14

அண்ணன் போன். வீட்டைப் பூட்டிவிட்டு கிள்ளானுக்கு வந்துவிடுங்கள் என்கிறார். பதில் சொல்லவில்லை.

மே 18

காட்டிலிருந்து கொண்டுவந்த துண்டுகளில் ஒன்றை மறுபடி எடுத்தேன். வெளிறிய பச்சைப் பரப்பு, அதில் ஊசி குத்தியது மாதிரி துளைகள். பத்து மடங்கு லென்ஸில் ஒவ்வொரு துளையும் ஒரு சின்னப் பள்ளம், நடுவில் கருப்பாக ஒரு தூண் நிற்கிறது. ஓசெல்லுலாரியா என்ற லைக்கன் பேரினமாக இருக்க வேண்டும். பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். முதலில் மஞ்சள் கசிந்தது, அப்புறம் கண்ணெதிரே சிவப்பு ஊசிகள் முளைத்தன. லைக்கன் தானே செய்துகொள்ளும் நார்ஸ்டிக்டிக் அமிலம்! கத்தியே விட்டேன், அப்பா என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்.

இனம் இன்னும் தெரியவில்லை. வித்துகளை அயோடினில் பார்க்க வேண்டும், ஊதா ஏறுகிறதா என்று.

மே 19

அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் துளை லைக்கன்கள் பலவற்றுக்கும் பழைய காட்டின் நிழலும் ஈரமும் வேண்டும். தோட்டத்துப் பால்மரத்தில் நான் இவற்றைப் பார்த்ததே இல்லை. செம்பனையோ (எண்ணெய்ப் பனை) சுமார் 25 வருஷத்தில் சாய்த்து மறுநடவு போட்டுவிடுவார்கள். பட்டையோடு ஒட்டிக் கிடக்கும் இந்த வகை வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு, என் உள்ளங்கை அகலத் திட்டு எப்போது தொடங்கியிருக்கும் பாருங்கள். அந்தப் பக்கம் காட்டோரமாக ஒரு லோரி நின்றிருந்ததாம், பக்கத்து வீட்டு மாமா சொன்னார். யாருடையது, எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கு வயிறு கலங்குகிறது. மரம் போனால் திரும்ப நட்டுவிடலாம் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறார்கள்.

மே 22

மழை. ரிசல்ட் வரவில்லை.

மே 24

ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளை எட்டு மணிக்கு அப்பாவோடு நானும் வர வேண்டுமாம், வேறு எதுவும் சொல்லவில்லை. அண்ணனுக்குச் சொல்லிவிட்டேன். ஈப்போவில் அயோடின் கிடைக்குமா என்று விசாரிக்கணும்.