ரத்தத்தோடு ஏறும் இரும்பு

தலசீமியா என்பது பிறவியிலேயே உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத நோய். அந்தப் பிள்ளைகளுக்கு ரத்தம் ஏற்றும் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் விடியற்காலை பஸ் பிடித்து வருவார்கள். வரும் அம்மாக்களுக்கு இரண்டு எண்கள் மனப்பாடம்: ஹீமோகுளோபின், உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின். "போன தடவை ஒன்பதரை நின்னுச்சு சிஸ்டர், இந்தத் தடவை எட்டுக்கு இறங்கிடுச்சு" என்று பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். பிள்ளை எவ்வளவு உயரம் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கேஸ் ஷீட்டிலேயே அந்தக் கட்டம் பாதி நேரம் காலியாகத்தான் கிடக்கும்.

இரும்புக் கணக்கு ரொம்பச் சாதாரணம். ஒரு பை சிவப்பணுவில் சுமார் 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து நம் உடம்பு ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்வது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். பல மாதங்களில் சேர வேண்டியது மூன்று நான்கு மணி நேரத்தில் உள்ளே போய்விடுகிறது. மிஞ்சியதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. கல்லீரலிலும் இதயத்திலும் அது படிவது பெற்றோருக்குத் தெரியும். தைராய்டு, கணையம், மூளைக்கு அடியில் பட்டாணி அளவே இருந்துகொண்டு மற்ற சுரப்பிகளுக்கு உத்தரவு போடும் பிட்யூட்டரி ஆகியவற்றில் படிவதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் பிட்யூட்டரிதான் சீக்கிரம் அடிவாங்குகிற உறுப்புகளில் ஒன்று.

ஊரில் நடப்பதோ நேர் எதிர். "ரத்தம் கம்மி" என்றாலே பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, அயர்ன் டானிக். கீரையால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது, அதற்காகப் பாட்டிகளோடு சண்டை போடுவதை நான் விட்டுவிட்டேன். டானிக்கை மட்டும் பிடுங்கி வைத்துவிடுவேன். பள்ளியில் வாராவாரம் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். மற்ற பிள்ளைகளுக்கு நல்லது, எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம். தலைமை ஆசிரியருக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் கடிதத்தை நோட்டில் ஒட்டி அனுப்புகிறோம்.

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்து வருகிறவள். ஒருநாள் அவள் அம்மா என்னை ஊசி தயார் பண்ணும் மேஜைப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிப்போய், "இவ இன்னும் வயசுக்கு வரல சிஸ்டர். உளுந்தங்களி கிண்டிக் கொடுத்துப் பார்த்துட்டேன்" என்றார். ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்திருக்கிறார். ரத்தம் ஏற்றுவதோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று நினைத்தாராம். பெண் பிள்ளைக்கு 13 வயதில் மார்பு வளர்ச்சியே தொடங்கவில்லை என்றால் பார்க்க வேண்டும். அதாவது இரண்டு வருஷம் முன்பே. இடது மணிக்கட்டு எக்ஸ்ரே, தைராய்டு, பிட்யூட்டரி சுரக்கும் எல்எச், எஃப்எஸ்எச் ஹார்மோன்கள் எல்லாம் எடுத்தோம். பிட்யூட்டரியிலிருந்து சினைப்பைக்குப் போக வேண்டிய உத்தரவே போகவில்லை. ஹார்மோன் டாக்டர் ஈஸ்ட்ரோஜனை மிகச் சிறிய அளவில் ஆரம்பித்தார். "கர்ப்பப்பையில கோளாறா?" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்று புரிய வைக்கத்தான் அதிக நேரம் ஆனது.

பையன்கள் விஷயத்தில் இந்தக் கேள்விகூட வராது. மீசை முளைக்கவில்லை, குரல் உடையவில்லை, வகுப்பில் முதல் வரிசையிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. அவன் யாரிடமும் சொல்ல மாட்டான். அப்பாக்கள் அதைப் பேசவே கூச்சப்படுவார்கள். 14 தாண்டியும் அறிகுறி இல்லையென்றால் நாங்களாகவே கேட்டுவிடுவது நல்லது. கேட்பது ஆண் டாக்டராக இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு பையன், பெரியவன். அடிக்கடி கை இழுத்துக்கொள்கிறது என்று வலிப்புக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை பி.பி. பார்க்கப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தபோது, அவன் கட்டைவிரல் தானாக உள்ளங்கைக்குள் மடங்கியது. மணிக்கட்டு வளைந்தது, மற்ற விரல்கள் விறைத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. டாக்டரை அங்கேயே கூப்பிட்டேன். கால்சியம் அதலபாதாளத்தில் இருந்தது. கால்சியத்தைச் சமன் செய்யும் பாராதைராய்டு சுரப்பி இரும்பு படிந்து பழுதாகிப் போயிருந்தது.

சர்க்கரையிலும் ஒரு சிக்கல். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை இவர்களுக்கு நம்ப முடியாது. ஓடுவது பெரும்பாலும் வேறொருவருடைய சிவப்பணு, அதுவும் சில வாரங்கள் முன்பு ஏற்றியது. அதனால் வெறும் வயிற்றிலும், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால்தான் சரி.

இதையெல்லாம் தள்ளிப்போடுவது இரும்பை இறக்கும் மருந்துதான். முன்பு டெஸ்ஃபெரால் ஒன்றுதான்: வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி, இரவெல்லாம் பம்ப். இப்போது மாத்திரைகள் இருக்கின்றன. டெஃபெரிப்ரோன் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அம்மா பயந்து நிறுத்திவிடுவார். அதே மருந்தில் காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே ஓடி வர வேண்டும், வெள்ளையணு குறைந்திருக்கலாம். டெஃபெராசிராக்ஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்த பிறகு டம்ளரின் அடியில் ஒட்டியிருப்பதையும் அலசிக் குடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் குடித்துவிடும். பதினாலு, பதினைந்து வயசில்தான் ஜன்னல் வழியே ஊற்றுவார்கள், அதாவது ஹார்மோன் வேலை செய்ய வேண்டிய அதே வயசில். சுரப்பி ஒருமுறை பழுதானால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை என்பதை அந்த வயசுப் பிள்ளைக்கு எப்படிச் சொன்னாலும் ஏறாது. "உயரமாகணுமா வேண்டாமா?" என்றால் கொஞ்சம் ஏறுகிறது.

எனக்குள்ள குறை ஒன்றுதான். ஹார்மோன் ஓபி வேறு கட்டடத்தில், வேறு கிழமையில். அதற்கென்று தனியாக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்? இரண்டையும் ஒரே நாளில் வைக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. அதுவரை, பத்து வயது தாண்டியவர்களை வருஷத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே ஹார்மோன் பரிசோதனைக்கும் சேர்த்து எடுத்துவிடுகிறோம். உயரத்தை நானே அளந்து எழுதிவிடுகிறேன்.