ஒன்பது மாதக் குட்டியும் ஒரு சாவிக்கொத்தும்

கொழிஞ்சாம்பாறை வீட்டில் இப்போது தரையில் எதையும் வைக்க முடியவில்லை. தங்கச்சி மகளுக்கு ஒன்பது மாதம். முன்பெல்லாம் உள்ளங்கையால் வாரியவள், இப்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒற்றைப் பொரியைக்கூடப் பொறுக்கி வாயில் போடுகிறாள்.

சாவிக்கொத்தைத் துண்டுக்கு அடியில் ஒளித்தால், துண்டை இழுத்துப் போட்டு எடுத்துவிடுகிறாள். மறைந்த பொருளும் அங்கேதான் இருக்கிறது என்பது எட்டு மாத வாக்கில்தான் பிடிபடும் என்றார் குழந்தை உளவியலாளர் பியாஜே. 1987இல் பைலார்ஜன் என்ற இன்னொரு உளவியலாளர் மூன்றரை மாதத்திலேயே அதற்கு அறிகுறி கண்டார். அவர் கவனித்தது கையை அல்ல, குழந்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்க்கிறது என்பதை. கெட்டிக்காரத்தனம்!

அப்புறம், பக்கத்து வீட்டு அக்கா வாக்கர் வாங்கச் சொல்கிறார். கனடாவில் 2004லேயே அதை விற்கத் தடை என்றேன். "இது பாலக்காடு தம்பி" என்கிறார்.