ஈஸி அவுட் உள்ளயே முறிஞ்ச ஞாயித்துக்கிழமை

அப்பா 1998-ல வாங்குன மாருதி 800, கார்புரேட்டர் மாடல், இன்னும் எங்க வீட்டு போர்டிகோலதான் நிக்குது. போன மாசம் கோயம்புத்தூர்ல இருந்து வால்பாறை போனப்ப, ஆழியாருக்கு மேல இருக்கற அந்த 40 கொண்டை ஊசி வளைவுல ஒன்பதாவது வர்றதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு சிவப்புல போயி ஒட்டிக்கிச்சு. ஹோஸ் ஒண்ணு பழசாகி அடிப்பக்கமா கிழிஞ்சு தண்ணி பூரா ரோட்டுல. ரப்பரை வெச்சு இறுக்கிக் கட்டுனது சரிதான், ஆனா நல்லா ஆறறதுக்கு முன்னாடியே பச்சத்தண்ணியை ஊத்துனேன் பாருங்க, அதுதான் தப்பு. ஹெட்டு, அதாவது சிலிண்டரை மேல இருந்து மூடற பாகம், அலுமினியம், சூட்டோட இருக்கறப்ப குளுந்த தண்ணி பட்டா கோணிக்கும்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் இருட்டறதுக்குள்ள கீழ எறங்கணுமேன்னு ஊத்திட்டேன்.

மறுநாள் காலைல ஸ்டார்ட் பண்ணா சைலென்சர்ல வெள்ளைப் புகை, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெச்சுப் பாத்தா கொதிக்காத தண்ணியிலயே முட்டை முட்டையா காத்து வருது. ஆயில் மூடிக்கு அடியில பால் கலந்த காப்பி நிறத்துல ஒரு கொழகொழப்பு. இந்த மூணும் சேந்து வந்தா ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற தகடு, ஹெட் கேஸ்கட்தான் போயிருக்கு, யோசிக்கவே வேண்டாம். கார்புரேட்டர் கழுவறது, பிரேக் ஷூ மாத்தறதெல்லாம் ஏற்கனவே நானே பண்ணிருக்கேன், 796 சிசி மூணு சிலிண்டர் சின்ன இன்ஜின்தானே, இதையும் நாமளே பாத்துரலாம்னு முடிவு பண்ணேன். அப்பா ஒண்ணும் சொல்லல, ஸ்டூலை எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு.

முதல் ஞாயித்துக்கிழமை மதியம் வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. டைமிங் பெல்ட் கழட்டியாச்சு, கார்புரேட்டர் வெளிய வந்தாச்சு, அப்புறம் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு நட்டு, ஹெட்டுல இருந்து புகையை வெளிய கொண்டு போற குழாயைப் பிடிச்சிருக்கறது. இருபது வருஷத்துக்கு மேல சூடாகி ஆறி சூடாகி ஆறி நட்டும், அது ஏறி நிக்கற ஸ்டட்டுங்கற மரைக்கம்பியும் ஒண்ணாவே ஆயிருக்கும் அங்க. முதல் மூணு நட்டு கிரீச்சுனு சத்தம் போட்டு வந்துச்சு, அந்த சத்தம் நல்ல சத்தம், துரு விடுதுன்னு அர்த்தம். நாலாவது சத்தமே போடல. ஸ்பேனர் சுத்துது, ஆனா கடலைமிட்டாய்ப் பாகை முறுக்கற மாதிரி மெத்துனு சுத்துது. அந்த எடத்துல கையை எடுத்திருக்கணும். நான் இன்னும் கால் சுத்து சுத்துனேன், டக்குனு ஸ்டட்டு ஹெட்டோட மட்டத்துக்கு முறிஞ்சுருச்சு.

அப்பக்கூட பெரிய நஷ்டம் இல்ல. ஹெட்டை எறக்கி அப்படியே லேத்துக்குக் கொண்டு போயிருந்தா, மேல ஒரு நட்டை வெச்சு வெல்டு பண்ணித் திருப்பிருப்பாங்க, வெல்டிங் சூட்டுலயே துருப்புடி விட்டு பாதி நேரம் வந்துரும். ஆனா எனக்கு அன்னைக்கே முடிக்கணும்னு ஒரு வேகம். கை ட்ரில்லுல ஓட்டை போட்டேன், ஓட்டை நடுவுல விழாம கொஞ்சம் ஒதுங்கிருச்சு, சரி பரவால்லன்னு முறிஞ்ச துண்டைக் கவ்வித் திருப்பி எடுக்கற ஈஸி அவுட்டைத் தட்டி எறக்கித் திருப்புனா அதுவும் உள்ளயே முறிஞ்சுருச்சு. ஈஸி அவுட்டு கெட்டியான இரும்பு, சாதாரண ட்ரில் பிட்டு அதைத் தொடாது, வழுக்கி பக்கத்துல இருக்கற மெத்து அலுமினியத்தைத்தான் தின்னும். ஒண்ணு உடைஞ்சா அது ஒரு செலவு, உடைஞ்ச கோவத்துல அடுத்த பத்து நிமிஷம் நம்ம கை பண்றதுதான் பெரிய செலவுன்னு நான் இப்ப உறுதியா நம்பறேன். அப்பா ட்ரில்லோட பிளக்கை பிடுங்கிட்டு, "போயி சோறு சாப்புடு, சாயங்காலம் பேசிக்கலாம்"னாரு. அன்னைக்கு மறுபடி ஸ்பேனரைத் தொடல.

திங்கக்கிழமை சாயங்காலம் ஹெட்டை கோணிப்பைல சுத்தி கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்துல இருக்கற லேத்துப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன். லேத்து அண்ணன் வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, "ஏங்கண்ணு, ஈஸி அவுட்டு போட்டீங்களா?"ன்னாரு. ஆமாங்கண்ணான்னேன். "இத ட்ரில்லுல தொடவே கூடாதுங், ஸ்பார்க் மெஷின்லதான் எடுக்கணும்." டை, அதாவது இரும்பு அச்சு செய்யற பட்டறைல இருக்கற மெஷின் அது, எண்ணெய்க்குள்ள ஹெட்டை முக்கி வெச்சு, ஒல்லியான செம்புக் கம்பியைக் கிட்ட கொண்டு வந்து கரண்ட் பொறியாலயே இரும்பைத் துளித்துளியா அரிச்சு எடுக்குது. எவ்வளவு கெட்டி இரும்புன்னு அதுக்குக் கணக்கே இல்ல. எண்ணெய்க்குள்ள நீலமா மினுக்கு மினுக்குனு பொறி, கூடவே எறும்பு ஊர்ற மாதிரி ஒரு சரசரப்பு, நின்ன எடத்தை விட்டு நகரவே மனசில்லாம பாத்துட்டிருந்தேன். நான் ஒதுக்கி ஓட்டை போட்ட பக்கம் மரை கெட்டுப் போயிருந்தது, அதுக்கு ஹெலிகாயில்ங்கற கம்பிச் சுருளைப் போட்டு புது மரை பண்ணிக் குடுத்தாரு.

அங்கயே ஹெட்டு மேல நேர்ப்பட்டையை வெச்சு இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு, பீலர் கேஜ், விட்டுப் பாத்தோம். 0.05 மில்லிமீட்டருக்கு மேல கோணக்கூடாது, எங்களுது நடு சிலிண்டர் பக்கம் 0.10 தகடு தாராளமா போயிட்டு வருது. பேஸிங் போட்டு, கேஸ்கட் உக்கார்ற முகத்தை மட்டமா சீவியாச்சு. ஸ்டட்டு முறியாம இருந்திருந்தா ஹெட்டை வீட்லயே தொடச்சுட்டு அப்படியே மாட்டிருப்பேன், புது கேஸ்கட்டும் கொஞ்ச நாள்ல போயிருக்கும்.

அடுத்த ஞாயிறு மாட்டறப்ப ஒரு அவசரமும் படல. பிளாக்ல போல்ட்டு எறங்குற ஓட்டைகள்ல தண்ணியும் ஆயிலும் தேங்கி நிக்கும், அதோட போல்ட்டை இறுக்குனா உள்ள இருக்கற தண்ணிக்குப் போக வழியில்லாம பிளாக்கே விரியலாம், அதனால சிரிஞ்ச்ல உறிஞ்சி, குச்சில துணி சுத்தி ஒவ்வொண்ணா தொடச்சேன். எவ்வளவு இறுக்கறோம்னு அளந்து காட்டற டார்க் ரெஞ்ச்ல நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா மூணு ரவுண்டு. அப்பா நம்பர் சொல்லச் சொல்ல நான் இறுக்குனேன்.

சாவி போட்டா ஸ்டார்ட் ஆகல. கார்புரேட்டர் வழியா டப்பு டப்புனு பின்னால அடிக்குது. டைமிங் மார்க் சரியா இருக்கு, பெட்ரோல் வருது, கரண்ட் வருது, ரெண்டு மணி நேரம் போச்சு. மறுபடி பெல்ட்டைக் கழட்டலாம்னு கை போனப்ப அப்பாதான், பிரிக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவைக் காட்டுன்னாரு. பிளக் ஒயருக்கெல்லாம் பேப்பர் டேப் ஒட்டி நம்பர் எழுதியிருந்தேன், பெட்ரோல் பட்டு மையெல்லாம் அழிஞ்சு போயிருக்கு, நான் குத்துமதிப்பா மாட்டிருக்கேன். இந்த இன்ஜின்ல சிலிண்டர் 1-3-2 வரிசைல ஸ்பார்க் அடிக்கணும், ரெண்டும் மூணும் மாறிக் கெடந்தது. மாத்தி மாட்டி சாவி திருப்புனதும் ரெண்டாவது சுத்துலயே புடிச்சுக்கிச்சு.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வெச்சு ரெண்டு பேரும் டார்ச் அடிச்சுப் பாத்துட்டே நின்னோம். முதல்ல அடைஞ்சிருந்த காத்து ரெண்டு மூணு முட்டை வந்துச்சு, நான் கூலன்ட் ஊத்திட்டே இருந்தேன், அப்புறம் ஒண்ணுமே வரல, தண்ணி அசையாம நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல பேன் தானா சுத்த ஆரம்பிச்சது. "ஆப் பண்ணிரு, நல்லா ஆறட்டும்"னு சொல்லிட்டு அப்பா ஸ்பேனரையெல்லாம் தொடச்சு டப்பாக்குள்ள அடுக்க ஆரம்பிச்சாரு. வர்ற ஞாயிறு டேப்பெட் செட்டிங், அதான் வால்வு இடைவெளி, பாக்கணும்.